விளக்கு வைத்த பிறகு எண்ணெய் கேட்டவன்

எங்கள் வரிசை வீடுகளில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் சண்டையும் தொடங்கியது. அதற்கு முன்னர் நாங்கள் நல்ல அயலவர்களாகத்தான் இருந்தோம்.

இப்போது செய்தித்தாளில், எங்கோ தூர தேசத்தில் எண்ணெய்க் கிணறு யாருக்குச் சொந்தம் என்று அடிபடுகிறார்கள் என்று வாசித்தால் என் வீட்டுக்காரர் தலையை ஆட்டி, "விளங்காத சனம்" என்பார். எனக்கு அது நன்றாக விளங்குகிறது. மண்ணுக்குச் சொந்தக்காரர் ஒருவர், சட்டிக்குச் சொந்தக்காரர் ஒருவர், கை வலிக்க வேலை செய்கிறவர் ஒருவர், கடைசியில் தோளில் துவக்கோடு வந்து தூக்கிக்கொண்டு போகிறவர் ஒருவர். இந்த நாலு பேரையும் நான் மலாய் நாட்டில், ஜெலுத்தோங்கில் என் வீட்டு வாசலிலேயே பார்த்திருக்கிறேன்.

அது ஜப்பான்காரன் காலம். என் மகன் பிறந்து சில மாதங்கள்தான். மெலிந்த பிள்ளை. உச்சந்தலையில் செதில் செதிலாகப் படை, தொடை இடுக்கில் வெடிப்பு. மருந்துக்கடையில் அலமாரி மட்டும்தான் இருந்தது. ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தினமும் தேங்காயெண்ணெய் பூசி இளவெயிலில் கிடத்து, தேறிவிடுவான்" என்று சொன்னாள். நான் படித்த கான்வென்டில் சுகாதாரப் புத்தகம் எண்ணெய் தோலின் துவாரங்களை அடைக்கும் என்று சொன்னது. யாழ்ப்பாணத்தில் என் அம்மாவோ எண்ணெய் வைக்காத பிள்ளையைப் பிள்ளை என்றே ஒத்துக்கொள்ள மாட்டா. தாதியும் அம்மாவும் ஒரு பக்கம் என்றால் புத்தகம் தோற்றுத்தான் போக வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு காலையும் பூசும்போது, அடைக்கிறேனா திறக்கிறேனா என்று ஒரு தடவை யோசிக்காமல் நான் பூசியதில்லை. எண்ணெய் வைக்காத நாளில் பிள்ளை சிணுங்கினான், வைத்த நாளில் தூங்கினான். அதனால் என் கவலை ஒன்றே ஒன்றுதான்: குசினி மூலையில் இருந்த சிரட்டையில் எண்ணெய் வற்றக் கூடாது.

மண்ணெண்ணெய் முதலில் காணாமல் போனது. என் வீட்டுக்காரர் யுத்தத்துக்கு முன் மண்ணெண்ணெய்க் கிட்டங்கியில் குமாஸ்தா. கிட்டங்கி எரிந்துபோய் வெறும் தகரமானது. பிறகு அவர் புதிய துரைமாரிடம் அதே மேசை, வேறு முத்திரை என்று வேலை பார்த்தார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அரசியல் கதைப்பார்.

"இவங்கள் இங்க வந்ததே எண்ணெய்க்குத்தான்."

"கடலுக்கு அங்கால சுமாத்ராவில நிலத்துக்குக் கீழ எண்ணெய் கிடக்குதாம் எண்டு சொன்னீங்கள். பிறகு எங்கட தேங்காய் என்னத்துக்கு?"

"கப்பல் வந்து சேர்ந்தால்தானே! மெல்லக் கதையும்."

கப்பல் வரவில்லை. அதனால்தான் எங்கள் தேங்காய்க்கு மரியாதை வந்தது. வரிசைக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. தோப்புக்குச் சொந்தக்காரி ஒரு மலாய்ப் பெண்மணி. வயதில் மூத்த பெண்களை மலாயில் கூப்பிடுகிறபடி நாங்கள் எல்லோரும் அவரை மக்சிக் என்போம். புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை, சிரிப்பு மட்டும் நிறைய; எங்களோடு பழகித் தமிழும் கொஞ்சம் வரும். வரிசை முனையில் பாயின் சாப்பாட்டுக்கடை. அரிசி இல்லாத சாப்பாட்டுக்கடை என்பதால், அவித்த மரவள்ளிக்கிழங்கும் வறுத்த சோளத்தில் போட்ட கோப்பியும்தான் அங்கே சாப்பாடு. ஆனால் பாயிடம் கல்யாணத்துக்கு ஆக்குகிற அளவில் ஒரு இரும்புக் குவாலி, வாயகன்ற பெரிய சட்டி, இருந்தது. எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவரை நான் அக்கா என்பேன். அவர் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அக்காவின் கையும் அதற்குக் குறைந்ததல்ல. தேங்காயை நாம் துருவலையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே அவர் இன்னொன்றை முடித்துவிடுவார்.

வாரம் ஒருமுறை எண்ணெய் எடுப்போம். பொழுது சாயும் நேரத்தில் துருவிப் பால் பிழிந்து பெரிய பேசினில் மூடி வைப்போம். விடியும்போது தண்ணீர் கீழே நிற்க, கட்டிப்பால் வெண்ணெய் மாதிரி மேலே மிதக்கும். அதை மட்டும் வழித்து, பாயின் கடைப் பின்கட்டில் குவாலியில் காய்ச்சுவோம். முதலில் பொருபொருவென்று சத்தம் போடும். சத்தம் அடங்கினால் எண்ணெய் தெளிந்துவிட்டது என்று அர்த்தம். அடியில் பழுப்பாக ஒரு கசடு படியும், இனிப்பும் கருகலுமாக. வரிசைப் பிள்ளைகள் எல்லாம் கையில் கிழங்குத் துண்டோடு அதற்குத்தான் காத்திருப்பார்கள். பெரியவர்களும்தான். காத்திருப்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

எண்ணெயைப் பங்கு போடும் அகப்பை என் கையில் இருந்தது. படித்த பிள்ளை, குமாஸ்தா வீடு, நியாயமாக அளப்பாள் என்று மூன்று பேரும் சேர்ந்து தந்த பதவி. தவறான ஆளிடம் தந்துவிட்டார்கள். ஒரு அகப்பை ஊற்றினால் அது நிறைந்திருந்ததா, நுனி குறைந்ததா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

"மக்சிக்குக்குக் கொஞ்சம் குறைஞ்சு போச்சோ? திருப்பி ஊத்தி அளக்கட்டோ?"

"அலாமா! தங்கச்சி, நீ அளந்து முடிக்கிறதுக்குள்ள எண்ணெய் மறுபடி தேங்காயா முளைச்சிடும் லா!" என்பார் அக்கா.

நான் மறுபடி அளக்கிறேன் என்று சொன்னாலே எல்லோரும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த வகையில் அமைதி நிலவியது.

ஆனால் எங்களுக்கு முன்னால் அளக்க வேண்டிய பங்கு ஒன்று இருந்தது. படைக்காரர்களின் லாரி. நினைத்த நாளில், நினைத்த நேரத்தில் வரும். அந்த லாரிக்கே தேங்காயெண்ணெய்தான் ஊற்றுகிறார்கள் என்று சொன்னார்கள். இயந்திரத்துக்கா சக்கரத்துக்கா என்று எனக்குத் தெரியாது. வந்து நின்றால் தெரு முழுக்க அப்பம் சுட்ட மணம் வரும், வயிறு கூப்பிடும். இறங்கி வருகிறவன் ஒரு இளம் சிப்பாய். நாங்கள் எல்லோரும் இடுப்பு வளையக் குனிந்து நிற்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு முறை காவல் சாவடியில் குனிய மறந்து கன்னத்தில் வாங்கிக்கொண்டு வந்தவர். அதனால் நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே குனியப் பழகியிருந்தேன். பிள்ளை அதை ஏதோ விளையாட்டென்று நினைத்துச் சிரிப்பான்.

பாய் ஒரு தகரம் எண்ணெயைக் கொடுப்பார். சிப்பாய் வாங்கிக்கொண்டு போவான். இதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தெரியாதது, போகும்போது அவன் பாயின் மேசையில் ஒரு சீனிப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவான் என்பது.

மக்சிக் ஒரு நாள் கடைக்குப் போய் சோளக் கோப்பி குடித்தார். அது இனித்தது. அந்தக் காலத்தில் கோப்பி இனித்தால் அதற்கு விசாரணை வைக்காமல் விட முடியாது.

"என் மரத்துத் தேங்காய். சீனி உனக்கா?" என்று மக்சிக் தெருவில் நின்று மலாயில் கேட்டார். வரிசை முழுக்கக் கேட்டது.

"குவாலி யாருது? விறகு யாருது?" என்றார் பாய். "அவன் முன்னால போய் நின்னு தகரத்தை நீட்டுறப்ப நடுங்குதே, அந்த முழங்கால் யாருது? நடுக்கத்துக்குக் கூலி வேணாமா?"

"நல்லா இருக்கே பாய்! முழங்காலுக்குச் சீனி, என் தோள்பட்டைக்கு என்ன? உப்பா?" என்றார் அக்கா.

நான் வாசலில் நின்றேன். அகப்பை என் கையில் இருப்பதால் ஏதாவது சொல்ல வேண்டுமோ என்று தோன்றியது. வாய் திறப்பதற்குள் மூன்று பேரும் தனித்தனியாக முடிவெடுத்துவிட்டார்கள். மக்சிக் தேங்காய் தருவதில்லை. பாய் குவாலி தருவதில்லை. அக்கா கையைக் கட்டிக்கொண்டார்.

அடுத்த முறை லாரி வந்தபோது பாய் தன் சேமிப்பிலிருந்து தகரத்தை நிரப்பினார். அதோடு அவருடைய சாடி காலி. தோப்பில் தேங்காய் குவிந்து சிலது குருத்து விடத் தொடங்கியது. மக்சிக் குவியல் பக்கத்தில் ஓலைப்பாய் விரித்துக் காவல் இருந்தார். பாய் கடையில் கவிழ்த்துவைத்த குவாலி மேல் பூனை படுத்தது. எண்ணெய் எடுக்க வேண்டிய சகலமும் எங்கள் வரிசையில் இருந்தது. எண்ணெய் மட்டும்தான் இல்லை.

என் சிரட்டையில் எண்ணெய் விரல் விரலாக இறங்கியது. தலைக்கு மட்டும் வைத்தேன். பிறகு வெடிப்புக்கு மட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று யோசித்தேன். அன்று முழுக்கப் பிள்ளை சிணுங்கியதில் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, எண்ணெய் முடியப் போகுது. நான் மூண்டு பேரிட்டையும் போய்க் கதைக்கட்டோ?"

"நீர் பேசாமல் இரும். உமக்கேன் ஊர்ச் சண்டை?" என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் அவருடைய சைக்கிள் சங்கிலி, எண்ணெய் இல்லாமல், அவர் முச்சந்தியில் திரும்பும்போதே கீச்சிட்டுக்கொண்டு வரும். ஒரு துளி கேட்டதில்லை. பிள்ளையின் எண்ணெய் என்று நினைத்தார் போல. அதைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. மூன்று வீட்டுக்கும் போனேன். மக்சிக் எனக்கு இளநீர் தந்தார், தேங்காய் தரவில்லை. பாய், "தங்கச்சிக்கு இல்லாததா? ஆனா தேங்காய்க்காரி முதல்ல வரட்டும்" என்றார். அக்கா, "எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. அவங்க ரெண்டு பேரும் சொல்லட்டும், நான் வர்றேன்" என்றார். யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரும் முதல் ஆளாகவும் இல்லை. நான் பிழையான ஒழுங்கில் போய்விட்டேனோ, முதலில் அக்கா வீட்டுக்குப் போயிருக்க வேண்டுமோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. பொழுது பட்டதும் சாமி படத்துக்கு முன் சிறு விளக்கைக் கொளுத்தினேன். அதற்குச் சில துளி மட்டும் விட்டு, மிச்ச எண்ணெயோடு சிரட்டையைப் பக்கத்தில் வைத்தேன். தெருவில் அப்பம் மணத்தது.

லாரி!

பாயின் குரல் கேட்டது. கெஞ்சுகிற குரல். பிறகு செருப்புச் சத்தம், சப்பாத்துச் சத்தம். பாய் வேறு வழி தெரியாமல் சிப்பாயை என் வாசலுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "இவங்கதான் துவான் எண்ணெய் அளக்கிறது" என்று அவனைத் துரையாக்கி மலாயில் சொல்லிக்கொண்டு எனக்குக் கண்ணால் மன்னிப்புக் கேட்டார். பின்னால் அக்காவும் மக்சிக்கும் ஓடி வந்தார்கள். சைக்கிள் கீச்சு இன்னும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் வரவில்லை.

நான் பிள்ளையோடு குனிந்தேன். பிள்ளை சிரித்தான்.

"மிஞ்ஞாக்" என்றான் சிப்பாய். எண்ணெய். அவன் பார்வை விளக்குக்குப் போய், பக்கத்துச் சிரட்டையில் நின்றது. கையை நீட்டினான்.

அப்போது நான் சொன்னதைத் தைரியம் என்று பிறகு பலர் சொன்னார்கள். தைரியம் எங்கே இருந்தது? சின்ன வயதிலிருந்து அம்மா சொல்லிச் சொல்லி வாயில் ஊறிய பேச்சு. எத்தனையோ தடவை அக்காவிடமே சொல்லி, "யாழ்ப்பாணத்துச் சட்டம்" என்று கிண்டல் வாங்கிய பேச்சு. யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் வந்தே இராது.

"விளக்கு வைச்சாச்சு. இனி எண்ணெய் தாறதில்லை. நாளைக்குக் காலமை வாங்கோ."

தமிழில் சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியவர்கள் மூன்று பேரும் அவன் துவக்கைப் பார்த்தார்கள். பக்கத்துத் தெருக்களில் இதைவிடச் சின்னக் காரணத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

முதலில் அசைந்தது மக்சிக். முன்னால் வந்து விளக்கைக் காட்டி, வானத்தைக் காட்டி, "பந்தாங், துவான், பந்தாங்" என்றார். செய்யக் கூடாதது, விலக்கு என்று அர்த்தம். பாய் உடனே சேர்ந்துகொண்டார். "ஆமா துவான், வெள்ளிக்கிழமை வேற. ரொம்பப் பொல்லாத நாள்." ஜும்மா தொழுதுவிட்டு வந்த மனிதர் வெள்ளிக்கிழமையைப் பொல்லாத நாள் ஆக்கிவிட்டார். அக்காவுக்கு மலாய் அவ்வளவு வராது. லாரியைக் காட்டி, கையால் சக்கரம் சுற்றி, பிறகு இரண்டு கையையும் விரித்துக் கவிழ்த்துக் காட்டினார். விளக்கு வைத்த பிறகு வாங்கிய எண்ணெயில் ஓடினால் லாரி குடைசாயும்! என் அம்மா கூட அவ்வளவு தூரம் போனதில்லை.

சிப்பாய் எங்கள் நாலு பேரையும் பார்த்தான். அவன் சட்டைப் பொத்தானில் தாயத்து மாதிரி ஒரு சிறு துணிப்பை கட்டியிருந்தது. அவன் விரல் அதைத் தொட்டது. லாரியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "பெசோக் பாகி" என்றான். நாளைக் காலை. போய்விட்டான்.

பாய் என் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் தங்கச்சி, உனக்கு ஜப்பான்காரனும் ஒண்ணு, நானும் ஒண்ணா?" என்றார் அக்கா, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு. "எனக்குச் சொல்ற மாதிரியே நாளைக்கு வாங்கன்னு சொல்ற!"

"சொல்லியிருக்கக் கூடாதோ அக்கா?"

"இப்ப கேளு!"

மக்சிக் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்தால் யாராலும் சும்மா இருக்க முடியாது. கொஞ்ச நேரம் நாலு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பிறகு ஒரே நேரத்தில் நிறுத்தினோம். காலையில் கொடுக்க எண்ணெய் எங்கே?

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மக்சிக் தோப்புக்குப் போய்க் கூடையில் தேங்காயோடு வந்தார். பாய் பூனையை விரட்டிவிட்டு விறகு அடுக்கினார். அக்கா துருவலையை இழுத்துப் போட்டுச் சேலையைச் செருகிக்கொண்டார். நான் பிழிந்தேன். துருவிக்கொண்டே சண்டையும் தொடர்ந்தது. ஆனால் கை வேலை செய்யும்போது போடுகிற சண்டைக்கு மூச்சுப் போதாது. "சீனியைப் பங்கு வைக்கிறேன்னு சொல்லிட்டேனே, இன்னும் என்ன?" என்றார் பாய். "எப்போது சொன்னாய்?" என்றார் மக்சிக். "இப்பதான்!" பேசினை மூடுவதற்குள், இனித் தகரத்தைப் பாய் கொடுப்பதில்லை, என் வாசலில் எல்லோர் முன்னிலையிலும்தான் கொடுப்பது, அவன் எதை வைத்துவிட்டுப் போனாலும் அந்தப் படியிலேயே பங்கு என்று முடிவானது. அக்கா இன்னொன்று சொன்னார்: "முதல் அகப்பை இந்தப் பிள்ளைக்கு. அப்புறம்தான் மத்தது."

"எல்லா வீட்டிலயும் பிள்ளைகள் இருக்குதே அக்கா, அது நியாயமோ?"

"அளக்கிறதோட நிறுத்திக்க லா!" என்று மூன்று பேரும் ஏறக்குறைய ஒன்றாகச் சொன்னார்கள்.

கீச்சு கீச்சென்று என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டு முகம் வெளுத்து, "நாளைக்குக் காலமை வாங்கோ எண்டோ சொன்னீர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தேங்காய் உடைக்க உட்கார்ந்தார்.

விடியற்காலையில் குவாலியில் சத்தம் அடங்கியது. முதல் அகப்பை என் சிரட்டைக்கு. அடுத்தது தகரம். பிள்ளைகள் கசடு நக்கிக்கொண்டிருக்கும்போதே லாரி வந்துவிட்டது.

வரிசை முழுக்க என் வாசலில். எல்லோரும் குனிந்தோம். தகரத்தைத் தூக்கினேன். அவன் கையை நீட்டினான். அங்கேயும் என் கை, எனக்குத் தெரியாமல், பழகினபடியே செய்துவிட்டது. எண்ணெயை நாங்கள் கையில் கொடுப்பதில்லை. கொடுத்தால் உறவு முறிந்து சண்டை வரும் என்பார்கள். நிலத்தில் வைப்போம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். தகரத்தை நான் படிக்குக் கீழே வைத்துவிட்டேன்.

நீட்டிய கையோடு அவன் நின்றான். என் தலைக்குள் அன்று ஓடிய யோசனைகளை எழுதினால் தாள் போதாது. திருப்பித் தூக்கட்டுமா? தூக்கினால் அவமரியாதையா? தூக்காவிட்டாலா?

அவன் குனிந்தான். இடுப்பு வளைய, நன்றாகவே குனிந்து, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் தகரத்தை எடுத்தான். இவ்வளவு நாளும் அவன் முன் நாங்கள் குனிந்தோமே, அதே மாதிரி. பிள்ளைக்கு அந்த விளையாட்டுத் தெரியுமல்லவா, கைகொட்டிச் சிரித்தான். மக்சிக் தலைத்துணியை வாயில் வைத்து இருமினார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. சிப்பாய் பிள்ளையைப் பார்த்தான். பையிலிருந்து சீனிப் பொட்டலத்தை எடுத்தவன், என்னிடம் நீட்டப் போய், யோசித்து, அதையும் நிலத்தில் வைத்தான்.

லாரி போன பிறகு பிள்ளைக்கு உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் பூசி வெயிலில் கிடத்தினேன். மீன் மாதிரி கைக்குள் நிற்காமல் வழுக்கினான். அகப்பையில் ஒட்டியிருந்ததைச் சைக்கிள் சங்கிலிக்கு விட்டேன். அதன் பிறகு என் வீட்டுக்காரர் எப்போது வருகிறார் என்று தெரியாமல் தினமும் திடுக்கிட்டேன்.

அடுத்த தடவை லாரி பின்னேரத்தில் வந்தது. சிப்பாய் வாசலுக்கு வந்து, தகரத்தைக் கேட்பதற்கு முன் நிமிர்ந்து சூரியனைப் பார்த்தான். தென்னைகளுக்கு மேலே அது சாய்ந்துகொண்டிருந்தது. விரலால் அதைக் காட்டி என்னைப் பார்த்து, "பொலே?" என்றான். வாங்கலாமா என்று.

நானும் சூரியனைப் பார்த்தேன். உள்ளே திரும்பி விளக்கைப் பார்த்தேன். இன்னும் கொளுத்தவில்லை. ஆனாலும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான், "பொலே" என்றேன்.